அஷ்வின் அவுட்டானதும் எழுந்து நின்று கத்தினேன்: உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி உண்டா?

பெல்ஸ் ரோடு

2025 மார்ச் 28, சேப்பாக்கம். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் ஐ.பி.எல். ஆட்டம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். இருபது ஓவர் ஆட்டம் பார்க்க அவர் மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மஞ்சள் ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்றேன். "எனக்கு எதுக்குடா, நான் என்ன ஃபீல்டிங்கா பண்ணப் போறேன்" என்று வெள்ளைச் சட்டையிலேயே வந்தார்.

பெங்களூரு 196 அடித்தது. நம்மவர்கள் ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். ஆறு விக்கெட் போனதும் அஷ்வின் இறங்கினார். எனக்குப் பின்னால் இருந்த பையன், "இவரு எதுக்கு இப்ப வர்றாரு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். மாம்பலத்து ஆள், இந்த ஊர்ப் பிள்ளை. ஆறு மாதத்துக்கு முன்னால், 2024 செப்டம்பரில், இதே மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டில் சதம் அடித்து, இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தவர். அப்படிப்பட்டவர் கொஞ்ச நேரத்தில் அவுட்டானார்.

மைதானம் குதித்தது. விசில் காதைப் பிளந்தது. அடுத்து வரப்போவது தோனி. நானும் எழுந்து நின்று கத்தினேன். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தது அப்பா ஒருத்தர்தான்.

தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கி, 16 பந்தில் 30 ரன் எடுத்துக் கடைசி வரை நின்றார். கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவை இரண்டு சிக்ஸர் விளாசினார். நாம் 50 ரன்னில் தோற்றோம். 2008க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்தது அன்றைக்குத்தான். ஆனால் வெளியே வந்தால் வாலாஜா ரோடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. "ரெண்டு சிக்ஸர் பாத்தாச்சு மச்சான், காசு வசூல்."

அப்பா கேட்டார்: "ஏண்டா, யார் ஜெயிச்சா?"

ஸ்கோர் பலகையைவிட்டுக் கடைசிப் பந்து வரைக்கும் கண்ணை எடுக்காத மனுஷர்!

1999 ஜனவரி 31 அன்று அவர் இதே மைதானத்தில் இருந்தார். பாகிஸ்தானோடு டெஸ்ட், ஜெயிக்க வேண்டியது 271. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து அவுட்டானார். மிச்சம் மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போனது. 12 ரன்னில் தோல்வி. கொஞ்ச நேரம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்புறம் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. அப்பா அழுதுகொண்டே தட்டினாராம். "நல்லா ஆடினாங்கடா, தட்டாம எப்படி வர்றது?" என்பார்.

சென்னைக் கூட்டம் விஷயம் தெரிந்த கூட்டம் என்று இருபத்தைந்து வருஷமாக இந்த ஒரு கதையை வைத்தே மார்தட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று எதிரிக்குக் கைதட்டிய இடத்தில் இன்று நம் ஆள் அவுட்டானதற்குக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள். திட்ட வேண்டுமென்றாலும் திட்டுங்கள்.


ஆவடி லோக்கல்

அண்ணே, திட்டத்தான் வந்தேன். 2018இல் பூனாவுக்கு ரயில் விட்டார்களே, ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’, அதில் போனவன் நான். இரண்டு வருஷத் தடை முடிந்து டீம் ஊருக்குத் திரும்பி வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. காவிரிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மிச்ச ஆட்டங்களை எல்லாம் பூனாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் சென்ட்ரலில் ஏறினோம். பெட்டிக்குப் பெட்டி மேளம். பக்கத்து சீட்டில் இருந்தவர் யார், என்ன வேலை என்றுகூடத் தெரியாது, தன் புளியோதரையில் பாதியை எனக்குக் கொடுத்தார். அதைப் பைத்தியம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊர் சேர்ந்து ஒன்றைக் கொண்டாடுவது வேறு.

ஆனால் உங்கள் அப்பா கதையைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

2023 ஐ.பி.எல். ஃபைனல். அகமதாபாத்தில் மழை கொட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை. 15 ஓவரில் 171 என்று ஆக்கினார்கள். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஆட்டம் சாதகமாகப் போனால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கேயே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கக் கூடாது. அம்மா எப்போது ஹாலுக்கு வந்தாலும் விக்கெட் விழும் என்பது என் கண்டுபிடிப்பு. அன்றைக்கு தோனி இறங்குகிறார் என்று கேட்டு, பாவம், அவளும் ஆசையாகக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முதல் பந்திலேயே தோனி அவுட்.

நான் கத்திய கத்தலைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள். "உன்னாலதான்! உள்ள போ!" அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. தெருவில் வெடி. நானும் தம்பியும் கட்டிப்பிடித்து உருண்டோம். ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனால், இருட்டில் அரிசி டிரம் மேல் உட்கார்ந்திருக்கிறாள். "ஜெயிச்சுட்டாங்களா? நான் வரலாமா?" என்று கேட்டாள்.

அம்மாவும் தோனி ரசிகைதான். அந்த ஃபோரை அவள் காலையில் செய்தியில்தான் பார்த்தாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.


கணக்கு டீச்சர்

உங்கள் இரண்டு பேர் அளவுக்கு எனக்குப் பெரிய கதை இல்லை. தோனியின் ஜெர்சி நம்பர் 7 என்பதால் எதை எடுத்தாலும் 7இல் கொண்டுபோய் முடிக்கிற ஜோக் ஓடிய வருஷம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் காலாண்டுத் தேர்வில் எல்லாக் கணக்குக்கும் விடை 7 என்று எழுதி, கீழே அந்த ஜோக்கின் வசனமான ‘தல ஃபார் எ ரீசன்’ என்று போட்டிருந்தான். ஒரே ஒரு கணக்குக்கு விடை நிஜமாகவே 7. அதற்கும் பாதி மதிப்பெண்தான் கொடுத்தேன், வழி எழுதவில்லை. அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். கண்டிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். விடைத்தாளைக் கையில் வாங்கி செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார், ஸ்டேட்டஸில் வைக்க.


ராஞ்சியில் இருந்தவன்

நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2007இல் ராஞ்சியில் இருந்தேன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த வருஷம் உலகக் கோப்பையில் மார்ச் 17ஆம் தேதி வங்கதேசத்திடம் தோற்றோம். தோனி டக் அவுட். அப்போது ராஞ்சியில் ஹர்மு பக்கம் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூட்டமாகப் போய் அந்தக் கட்டடத்தை உடைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் யாரும் வந்து செய்யவில்லை. முந்தின வாரம் வரைக்கும் "நம்ம மாஹி" என்று உருகியவர்கள்தான். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர், "நான் கல் எறியவில்லை, கூடப் போனேன், அவ்வளவுதான்" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

அதே செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள், அதே தோனி கேப்டன். கேன்டீன்காரர் லட்டு கொடுத்தார். நான் வாங்கித் தின்றேன். என்ன கேட்பது அவரிடம்?

தோனியைச் சாமியாக்கும் பேச்சும் உண்டு. 2024இல், அவரோடு சென்னை டீமில் ஆடிய அம்பதி ராயுடுவே, சென்னையில் தோனிக்குக் கோயில் கட்டுவார்கள் என்று சொன்னார். கட்டட்டும். நம்மூரில் வரம் கொடுக்காத சாமியைத் திட்டுகிற பழக்கமும் உண்டு என்பதை மட்டும் தோனியுடைய குடும்பம் மறக்காமல் இருந்தால் சரி.


எலக்ட்ரானிக் சிட்டி

கிருஷ்ணகிரிக்காரன், பெங்களூரில் பதினோரு வருஷம். ஆர்.சி.பி., அதாவது பெங்களூரு டீம் ரசிகன், அதற்காகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. 2025 ஜூன் 3 ராத்திரி, பதினெட்டு சீசன் கழித்து, ஃபைனலில் பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்து முதல் கோப்பை வாங்கியபோது மாடியில் நின்று அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு. வெற்றி விழா பார்க்க, எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி சின்னசாமி மைதானம் பக்கம் நடந்தேன். நடந்தேன் என்பதே பொய், கூட்டம் தூக்கிக்கொண்டு போனது. ஒரு இடத்தில் என் கால் தரையில் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், பதினைந்து பதினாறு இருக்கும், கன்னத்தில் சிவப்புச் சாயம், சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்து ஓரமாக இழுத்து, "தமிழா? வீட்டுக்குப் போப்பா" என்றார். ஏன் போனேன் என்று தெரியவில்லை, திரும்பிவிட்டேன். ரயிலில் ஏறிய பிறகுதான் அம்மா போனில் அழுதாள். நெரிசலில் பதினோரு பேர் செத்துப்போனார்கள். அந்தச் சிவப்புச் சாயம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பேப்பரில் வந்த படங்களை நான் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அன்று ராத்திரி ஊர் நண்பர்கள் குழுவில் ஒரு மீம் வந்தது. கோப்பையையும் செத்தவர்களையும் சேர்த்து ஒரு கிண்டல். அனுப்பியவன் மஞ்சள் கட்சி. கெட்டவன் இல்லை, என் கல்யாணத்தில் மூன்று பந்திக்கு சாம்பார் வாளி தூக்கியவன். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் ஏழெட்டுப் பேர். நானும் வருஷா வருஷம் அவன் டீம் தோற்றால் அவன் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் மலர்வளையம் அனுப்பியவன்தான். அதனால் சண்டை போட வாய் வரவில்லை. குழுவைவிட்டு வெளியே வந்தேன். இன்னும் பேசிக்கொள்ளவில்லை.


வாலாஜா ரோடு ஜெர்சி

எல்லாரும் படித்தவர்கள் மாதிரி எழுதுகிறீர்கள். நான் ஆட்ட நாளில் ஸ்டேடியத்துக்கு வெளியே ஜெர்சி விற்கிறவன். உள்ளே போய் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. 2025இல் இருந்ததிலேயே குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். அந்தக் காசுக்கு எனக்கு ஒரு வாரம் ஓடும். உள்ளே இருந்து வருகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்: இது ஃபோர், இது சிக்ஸர், இது விக்கெட். ஒரு சத்தம் மட்டும் ரொம்ப நாள் புரியவில்லை. விக்கெட் விழுந்த மாதிரியும் இருக்கும், சிக்ஸர் போன மாதிரியும் இருக்கும். பிறகுதான் தெரிந்தது, நம்ம ஆள் அவுட், தோனி வருகிறார். ஜடேஜாவே 2023இல் சிரித்துக்கொண்டே சொன்னாரே, நான் முன்னால் இறங்கினால் நான் எப்போது அவுட்டாவேன் என்றுதான் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நூறு ஜெர்சி எடுத்தால் தொண்ணூறு 7 போட்டுத்தான் எடுப்பேன். கெய்க்வாட் கேப்டன் ஆனதும் 31 கொஞ்சம் எடுத்தேன், பாதி அப்படியே நிற்கிறது. 2023 ஃபைனலுக்குப் பிறகு ஜடேஜா 8 நன்றாக ஓடும் என்று நம்பி எடுத்தேன். 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது கடையில் தரை துடைக்கத்தான். கடைசிப் பந்தில் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்!

அதற்காக சாமி கும்பிடுகிறவனைக் குறை சொல்ல மாட்டேன். தோனி இல்லை என்றால் எனக்கு வியாபாரம் இல்லை. அவர் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று என் பெண்டாட்டி இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். லோடு வண்டி ஓட்டுகிறவன் வாரம் பூரா முதலாளியிடம் பேச்சு வாங்கிவிட்டு வந்து இரண்டு சிக்ஸருக்கு ஆடுகிறான். ஆடட்டுமே. பெல்ஸ் ரோடு சாரின் அப்பாவுக்குக் கோபம் இருக்கலாம், அவர் அஞ்சு நாள் ஆட்டம் பார்க்க நேரம் இருந்த மனுஷர்.


பெல்ஸ் ரோடு

ஆவடித் தம்பி, அம்மாவை ஒரு தடவை சேப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. விக்கெட் விழுந்தால் விழட்டும்.

வாலாஜா ரோடு அண்ணே, நீங்கள் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "லீவு போட்டுட்டுத்தான் போனேன், சம்பளத்துல பிடிச்சாங்க. அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். இன்னொன்றும் சொன்னார்: 1999இல் கைதட்டியவர்கள் நடுவில் கெட்ட வார்த்தை சொன்னவர்களும் இருந்தார்களாம், அதை யாரும் கதையில் சேர்ப்பதில்லையாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்களிடம் அஷ்வினுடைய 99 இருக்கிறதா? 40 சைஸ். அப்பாவுக்கு இல்லை, எனக்குத்தான்.


வாலாஜா ரோடு ஜெர்சி

99 இல்லை சார், யாரும் கேட்டதில்லை. நம்பர் போடாத வெறும் மஞ்சள் 40 இருக்கிறது. பின்னால் ஒட்டித் தருகிறேன், நம்பருக்கு மட்டும் நூறு ரூபாய் சேரும். ஆனால் ஒட்டிய பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொண்டு வரக் கூடாது, அதை நான் யாருக்கும் விற்க முடியாது.