அமெரிக்கன் ஃபுட்பாலில் மனசை விட்டுப் போகாத சேஃப்டி எது? (சேஃப்டி என்றால், பந்து வைத்திருக்கும் அணி தன் பக்கத்துக் கடைசிக் கட்டமான எண்ட் ஸோனுக்குள்ளேயே மாட்டி எதிரணிக்கு 2 புள்ளி கொடுப்பது.)

46வது சூப்பர் பவுல், 2012 பிப்ரவரி. பேட்ரியட்ஸ் ஆடிய முதல் ப்ளேயிலேயே பந்து வீசும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி தன் எண்ட் ஸோனுக்குள் நின்றபடி நடு மைதானத்துக்கு நீளமாக வீசினார். பந்து விழுந்த பக்கம் அதைப் பிடிக்க ஒரு ரிசீவர்கூட இல்லை. நடுவரின் கொடி விழுந்தது, எதிரணி ஜயண்ட்ஸ் 2-0. அவ்வளவு தூரம் போன பந்து எப்படி கிரவுண்டிங் (மாட்டாமல் தப்பிக்க ஆளில்லாத இடத்தில் வீசுகிற தப்பு) ஆகும் என்று இன்னமும் கேட்கிறார்கள். ப்ளே தொடங்கிய கோட்டைப் பந்து தாண்டினால் போதும் என்ற சலுகை, பாக்கெட்டை (காவலர்கள் சூழ்ந்து நிற்கும் இடத்தை) விட்டு வெளியே வந்தவருக்குத்தான். சேஃப்டி கொடுத்த அணியே 20 யார்டு கோட்டிலிருந்து பந்தை உதைத்தும் தரணும். அப்படிக் கிடைத்த பந்தை வைத்தே ஜயண்ட்ஸ் டச்டவுன் (பந்தை எதிரணி எண்ட் ஸோனுக்குள் சேர்ப்பது) போட்டு 9-0 ஆக்கினார்கள்.

---

எனக்கு அடுத்த வருஷத்து சூப்பர் பவுலில் ரேவன்ஸ் கொடுத்ததுதான். 34-29 என்று முன்னிலை, நான்காவது டவுன் (கடைசி முயற்சி), 12 விநாடி மிச்சம். பந்தை எதிரணியிடம் தூர உதைத்துவிடும் பன்ட்டுக்காக நின்ற வீரர் சாம் கோச் பன்ட் அடிக்கவே இல்லை, எண்ட் ஸோனுக்குள்ளேயே பந்தோடு சுற்றினார். முன்னாடி நின்றவர்கள் எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சாம் கோச் மைதானக் கோட்டுக்கு வெளியே கால் வைத்தபோது 4 விநாடிதான் மிச்சம். நடுவர் ஹோல்டிங் (கட்டிப் பிடிக்கிற தப்பு) கொடுத்திருந்தாலும் அதே 2 புள்ளிதானே, போன நேரம் போனதுதான். 2017-ல்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள்: கடிகாரத்தை ஓட்டவே ஒரே டவுனில் பல விதிமீறல் செய்தால் 15 யார்டு, நேரமும் திரும்ப வரும்.

---

"அதே 2 புள்ளிதானே" என்பது முழுசா சரியில்லை நண்பரே. கட்டிப் பிடித்த இடம் கோல் லைனுக்கு (எண்ட் ஸோன் தொடங்கும் கோட்டுக்கு) வெளியே, மைதானத்தில் என்றால், பெனால்டியை ஏற்று நான்காவது டவுனைத் திரும்ப ஆடவைக்கிற உரிமை எதிரணிக்கு உண்டு.

பார்க்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தப்பு நடந்த இடம். எண்ட் ஸோனுக்குள் ஹோல்டிங் என்றால், பந்து 30 யார்டு முன்னேறியிருந்தாலும் சேஃப்டி. 4 யார்டு கோட்டில் தொடங்கிய ப்ளேயில் கோல் லைனுக்கு வெளியே ஹோல்டிங் என்றால் பாதி தூரம்தான் வெட்டு, பந்து 2 யார்டு கோட்டுக்குப் போகும். ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு (ப்ளே தொடங்கும் முன்பே அசைவதற்கு) சேஃப்டியே கிடையாது, பந்து இன்னும் ஆட்டத்துக்கு வரவில்லையே.

டாக்கிள் ஆனால் (பந்தோடு இருப்பவரைப் பிடித்து வீழ்த்தினால்) காலைப் பார்க்காதீர்கள், பந்தைப் பாருங்கள். அதில் ஒரு ஓரம் கோல் லைன் மேல் இருந்தாலும் சேஃப்டி. எண்ட் ஸோனை விட்டு வெளியே வந்தவரை எதிராளி பின்னால் தள்ளிக்கொண்டு போனால், அவர் எட்டிய தூரம் கணக்கு. அவராகவே பின்வாங்கினால் அது செல்லாது.

அடுத்து, பந்தை உள்ளே அனுப்பிய விசை யாருடையது? பன்ட், பிடிக்கப் போனவர் கையில் தட்டி உள்ளே உருண்டால் டச்பேக் (புள்ளி கிடையாது, பந்து அவர் அணிக்கே). பிடித்து அடக்கிய பிறகு அவரே உள்ளே கொண்டுபோய் மாட்டினால் சேஃப்டி.

---

மேலே சொன்ன விசைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கோல் லைன் பக்கத்தில் எதிரணி வீசிய பந்தை இன்டர்செப்ட் செய்தவர் (இடைமறித்துப் பிடித்தவர்) ஓடிவந்த வேகத்திலேயே உள்ளே போய் விழுந்தால் சேஃப்டி இல்லை, பிடித்த இடத்தில் பந்து. கல்லூரி ஆட்டத்தில் இது 5 யார்டுக்குள் பிடித்தால் மட்டும்.

கேட்ட கேள்விக்குப் பதில்: 2008 அக்டோபர், லயன்ஸின் குவார்ட்டர்பேக் டான் ஒர்லோவ்ஸ்கி. வைக்கிங்ஸின் ஜாரெட் ஆலன் துரத்த, எண்ட் ஸோனின் பின்கோட்டைத் தாண்டியது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தார். வைக்கிங்ஸ் 12-10 என்று ஜெயித்தது.