கார் துடைக்கேக்கை கீறல் விழுந்த கதை: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

என்ரை கார் கறுப்பு. வாங்கேக்கையே அண்ணை சொன்னவர், "எங்கட செம்மண்ணுக்குக் கறுப்பு சரிவராது, வெள்ளையை எடடா" எண்டு. கேக்கேல்லை.

வீடு யாழ்ப்பாணத்து இணுவில். சோழகக் காத்துத் தொடங்கினால் காலமை கழுவின கார் பின்னேரமே தோட்டத்துப் புழுதியோட நிக்கும். ரெண்டு வருசமா கிணத்துத் தண்ணியில கழுவி, பழைய குளிக்கிற துவாயால அழுத்தித் துடைச்சுக்கொண்டு வந்தனான். போன மாதம் இரவு பெற்றோல் செட்டில நிக்கேக்கை லைற் வெளிச்சம் பொனற்றில பட்டுது. சிலந்தி வலை மாதிரி, வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் வட்டமா மெல்லிய கீறல். பொனற் முழுக்க.

பிழை துவாயில. கதவுக்குக் கீழ, ரயருக்குப் பக்கம் எல்லாம் துடைச்சுப்போட்டு அதாலேயே பொனற்றையும் துடைப்பன். குருமணல் நூலுக்கை ஒளிச்சிருந்தால் பிறகென்ன, அரத்தாள்தான். கிளியர் கோட் எண்ட மேல்பூச்சு ஏறத்தாழ 40, 50 மைக்ரோன், ஒரு தலைமயிரின்ரை தடிப்புக்குக் கிட்ட.

"துடைக்காமல் விடு, தானாக் காயும்" எண்டார் அயலவர் ஒருத்தர். எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாறது. கேத்திலுக்கை பிடிக்கிற அதே வெள்ளைதான் துளி காய்ஞ்ச இடமெல்லாம் வட்டமா நிக்கும்.

இப்ப என்ன செய்யிறன் எண்டால், கடைசித் தண்ணி விடேக்கை பைப் முனையைக் கழட்டிப்போட்டு, வெறும் பைப்பால மெதுவா, கூரையில இருந்து கீழ ஊத்துறன். துளியா நிக்காமல் ஒரே படலமா வழுகி இறங்கும். முக்கால்வாசி அதோடை போயிடும். மிச்சத்துக்குப் பெரிய மைக்ரோபைபர் துவாய். ரெண்டு மூலையில பிடிச்சு விரிச்சு, உள்ளங்கையால ஒத்தி எடுக்கிறன், காய்ச்சல்காரப் பிள்ளையின்ரை நெத்தியைத் துடைக்கிற மாதிரி. கீழ்ப்பக்கத்துக்கு வேற துணி. அது அந்தப் பழைய துவாயேதான், பாவம்.

கழுவுறதை வெய்யில் ஏற முந்தி முடியுங்கோ. வேப்பமர நிழல் நல்லம், காகத்தின்ரை எச்சத்துக்கு நான் பொறுப்பில்லை.

* * *

எனக்கு நடந்தது இதைவிட மோசம். புது மைக்ரோபைபர் கையால வழுகி முத்தத்து மணலில விழுந்திட்டுது. ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு அதாலேயே துடைச்சன். கதவில ஒரு முழ நீளக் கோடு. நகத்தை ஓட்டினால் தட்டுது, பொலிஷ் பண்ணியும் போகேல்லை. இப்ப ரெண்டு துவாய் வைச்சிருக்கிறன், விழுந்தது நேரா வாளிக்குள்ள. இன்னொண்டு: தோய்க்கேக்கை வாசத்துக்கு விடுற சொவ்ற்னரை இதுக்கு விடாதேங்கோ. அம்மா விட்டவ, அதுக்குப் பிறகு அது தண்ணியை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டுதான் போகுது. கரையில தைச்ச லேபிளையும் வெட்டி விடுங்கோ.

* * *

நான் பண்ணைப் பாலத்தால தினமும் தீவுப்பக்கம் போய்வாற ஆள், உப்புக் காத்து. வெள்ளை வட்டத்துக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து, துணியை நனைச்சு ஒரு நிமிசம் வைச்சு, உடனே நல்லாத் தண்ணி விட்டுக் கழுவினன். போயிட்டுது. கண்ணாடியில இருந்த பழசு மட்டும் அசையேல்லை. அண்ணை என்ன சொன்னவர்?

* * *

அண்ணைக்கு இன்னும் காட்டேல்லை. அவர் வாற நாளில காரை நிழலில விடுறன்.