அந்தமான் தூண்டில் பயணம்: 15 கிலோவுக்குள் எதை இரண்டாக எடுப்பது?

நீலாங்கரை_ராட்:
வணக்கம். ஜனவரிக் கடைசியில் மூன்று பேர் சென்னையிலிருந்து அந்தமான் போகிறோம், ஜிடிக்கு (ஜயன்ட் டிரெவலி என்ற பெரிய பாறை மீன்) பாப்பர், அதாவது தண்ணீர் மேலே சத்தம் போட்டு இழுபடும் செயற்கை இரை, போட. படகு பேசியாகிவிட்டது. இங்கே முட்டுக்காட்டிலோ அடையாறு முகத்துவாரத்திலோ ஏதாவது உடைந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வேறு எடுத்து வரலாம், அங்கே படகு கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை கையில் இருப்பதுதான் என்பதால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டாக எடுத்து வைத்தேன். எடை போட்டால் செக்-இன் பை மட்டும் 23 கிலோ! டிக்கெட்டில் 15தான், கையில் 7. பாப்பரே ஒவ்வொன்றும் 120, 150 கிராம். எதைக் கழிப்பது? அப்புறம் தூண்டில் ராடுக்கு டியூப் விலை கொடுத்து வாங்கவா, ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப் வெட்டி மூடி போட்டால் போதுமா?

தங்கூசி:
மூன்று பேரும் தனித்தனியாக மூட்டை கட்டினால் இப்படித்தான் ஆகும் ப்ரோ. ஆறு ராட் எதற்கு? மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு உபரி ராட், ஒரு உபரி ரீல் போதும். ஆனால் மூன்று பேரும் ஒரே பிஇ 8 (பின்னல் நூலின் தடிமன் எண்), ஒரே கனத்து லீடர் (நூல் முனையில் கட்டும் தடித்த நரம்பு) என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவன் சாமான் இன்னொருவனுக்கு உதவாது. பிவிசி பைப் நான் பயன்படுத்தியிருக்கிறேன், யானை ஏறினாலும் உடையாது, ஆனால் கனம் உங்கள் 15 கிலோவைத் தின்றுவிடும். நான்கு ராடும் ஒரே டியூபில் போகுமென்றால் பைப் சரி. ஆறடி நீளம் வந்தால் ஏற்றுவார்களா என்று விமான கம்பெனியிடம் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

ரீல்_டாக்டர்:
ராட் கணக்கு சரி. ரீல் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நன்றாக சர்வீஸ் செய்த ரீல் திடீரென்று சாவது அபூர்வம், ஆனால் கடலடிப் பாறையில் உரசி நூறு மீட்டர் பிரெய்டு (பின்னல் நூல்) போவது சாதாரணம். அதனால் ஆளுக்கு ஒரு உபரி ஸ்பூல் (ரீலில் நூல் சுற்றும் உருளை), பிரெய்டு சுற்றியே எடுத்துப் போங்கள். முழு ரீலில் பாதி கனம்கூட வராது. ரீலின் உதிரிகளில் பெயில் ஸ்பிரிங், லைன் ரோலர் பேரிங், ஹேண்டில் ஸ்குரூ, இந்த மூன்றும் ஒரு மாத்திரை டப்பாவில் அடங்கும். மாலையில் கரைக்கு வந்ததும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலைப் பிடித்து விடும் ரீலின் பிரேக்) நன்றாக இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள், பைப்பில் வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

நீலாங்கரை_ராட்:
ரீல் ஒன்றைக் கழித்துவிட்டேன் அண்ணா, கிட்டத்தட்ட முக்கால் கிலோ மிச்சம். ராட் நுனி உடைந்தால்?

ரீல்_டாக்டர்:
நுனி வளையம் இரண்டு சைஸில் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு துண்டு ஹாட் மெல்ட் பசைக் குச்சி. உடைந்த இடத்தைத் தேய்த்து, பசையைச் சூடாக்கிச் சொருகினால் ஐந்து நிமிடத்தில் ராட் திரும்ப வேலை செய்யும், அரை அடி குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். லைட்டரை மட்டும் இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள், நம் ஊர் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. அங்கே இறங்கிப் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். கிளம்பும் முன் ஒரு காரியம்: கொஞ்சம் பஞ்சை எடுத்து ராடில் நூல் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றி இழுத்துப் பாருங்கள். எங்காவது இழை மாட்டினால் அங்கே வளையத்தின் உள்பக்கப் பீங்கானில் கீறல். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் பிரெய்டை அறுத்துவிடும், அப்புறம் எத்தனை ஸ்பூல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பழவேற்காடு_பாறை:
எல்லோரும் ராடையும் ரீலையும் பேசுகிறீர்கள், கட்டரை யாரும் சொல்லவில்லையே? தடித்த டிரெபிள் ஹூக் (மூன்று முனை முள்) கையில் ஏறினால் சாதாரண பிளையர் அதை வெட்டாது. வீட்டிலேயே ஒரு பழைய ஹூக்கை வெட்டிப் பார்த்து, வெட்டுகிற கட்டராக இரண்டு எடுங்கள், ஒன்று படகின் முன்னால், ஒன்று பின்னால். முள் நுனியில் பின்னோக்கி இருக்கும் சின்னக் கொக்கியைப் பிளையரால் நசுக்கிவிட்டால் மீனை விடவும் சுலபம், கையிலிருந்து எடுக்கவும் சுலபம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போடவேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை.

லூர் (பாப்பர் மாதிரி செயற்கை இரை) பாதி போதும். ஆனால் ஹூக்கும், அதை லூரில் மாட்டும் ஸ்ப்ளிட் ரிங்கும் தாராளமாக எடுங்கள், வளைவதும் துருப்பிடிப்பதும் அவைதான். அங்கே கைத்தூண்டில் முள்ளும் தங்கூசி நரம்பும் கடையில் கிடைக்கும், பிஇ 8க்குத் தேவையான சாமானை நம்பிப் போகாதீர்கள்.

வண்டூர்ப் பக்கம் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடக் கூடாது, படகுக்காரர் சரி என்று சொன்னாலும்.

தங்கூசி:
பையை மூன்று பேரும் கலந்து கட்டுங்கள். போன வருடம் என் பை ஒன்று இரண்டு நாள் கழித்து வந்தது, எல்லா லூரும் அதில். ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் லூர், கொஞ்சம் ஹூக், ஒரு ஸ்பூல். ஹூக், பிளையர், கட்டர் செக்-இன்னில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ரீலைக் கையில் கொண்டுபோகலாம், ஆனால் நூல் சுற்றிய ரீலைப் பார்த்து செக்யூரிட்டியில் கேள்வி வரலாம், அதனால் சீக்கிரமே போய்விடுங்கள்.

நீலாங்கரை_ராட்:
எல்லாம் கலந்து கட்டியாகிவிட்டது. மூன்று பைகளில் இரண்டு 15க்குள், பைப்போடு சேர்த்து என்னுடையது மட்டும் 17. லூரில் இதற்கு மேல் கை வைக்க மனசு வரவில்லை.

பழவேற்காடு_பாறை:
கை வைக்காதீர்கள். கூடுதல் எடையை இன்றைக்கே ஆன்லைனில் வாங்குங்கள், கவுன்டரில் கேட்டால் விலை அதிகம். துணி எத்தனை செட் வைத்திருக்கிறீர்கள்?

நீலாங்கரை_ராட்:
ஏழு.

பழவேற்காடு_பாறை:
மூன்று போதும் தம்பி.