ரிமோட் வண்டி, விமானங்களில் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி செருகும்போது வந்த தீப்பொறி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மணல்பாதை:
நண்பருடைய 1/8 அளவு ரிமோட் டிரக், இரண்டு 4எஸ் (நான்கு செல்) பேட்டரி சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக. ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். முதல் பேட்டரி சத்தமில்லாமல் ஏறியது. இரண்டாவதைச் செருகினார், 'டப்' என்று சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம். அவர் கையை உதறிவிட்டார், கனெக்டர் கழன்று வந்துவிட்டது. உடனே மறுபடி செருகினால் ஒரு பொறிகூட இல்லை! வண்டியும் நன்றாக ஓடியது. ஆனால் வீட்டுக்கு வந்து அந்த முனையைப் பார்த்தோம். தங்கப் பூச்சு போய்க் கறுப்பாக ஒரு குழி. ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது கரண்ட் எங்கே போனது? முதல் தடவை வந்தது இரண்டாம் தடவை ஏன் வரவில்லை? இதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றுசெல்:
3எஸ் ஃபோம் விமானத்தில் எப்போதும் 'டிக்' என்று ஒரு பொறி வரும். எனக்கு மறக்காதது வேறு. பழக வந்த ஒரு பையன் அந்தச் சத்தத்தில் மிரண்டு, கனெக்டரைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். புரொப்பெல்லர் அவன் முழங்கைப் பக்கம் இருந்தது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதன் பிறகு அவன் பேட்டரியைத் தொடவே இல்லை. பயப்படாமல் ஒரே தள்ளாகத் தள்ளினால் போதும். உங்கள் நண்பருக்கு 'டப்' என்று வந்ததென்றால் ஈஎஸ்சி மட்டமான சரக்காக இருக்கும். பொறி வராமல் தடுக்கும் ஆன்டி ஸ்பார்க் கனெக்டர் எல்லாம் வீண் செலவு.

சால்டர்மேசை:
மூன்றுசெல் அண்ணா, மன்னிக்கவும், இதை ஒப்புக்கொள்ள முடியாது. நல்ல ஈஎஸ்சியில்தான் பொறி பெரிதாக வரும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் தரமாக இருந்தால் அவற்றின் உள்தடை மிகக் குறைவு. காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் அந்த முதல் கணத்தில் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். இரண்டு 4எஸ் சேர்ந்து 8எஸ், முழுச் சார்ஜில் 33.6 வோல்ட். அதற்கு எதிரே ஒயர், கனெக்டர், பேட்டரி எல்லாம் சேர்ந்தே சில பத்து மில்லிஓம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. ஸ்விட்ச் பெரும்பாலான ஈஎஸ்சிகளில் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டுமே. கெப்பாசிட்டர்கள் நேராகப் பேட்டரி ஒயரில் நிற்கின்றன. மணல்பாதை, இரண்டாம் முறை ஏன் வரவில்லை என்றால், அவை ஏற்கெனவே நிறைந்திருந்தன. கொஞ்ச நேரம் விட்டுச் செருகியிருந்தால் மறுபடி வந்திருக்கும்.

3எஸ்ஸை வைத்து 8எஸ்ஸை அளக்க வேண்டாம். ஆற்றல் வோல்ட்டேஜின் வர்க்கத்தில் ஏறும். அதே கெப்பாசிட்டருக்கு 3எஸ்ஸின் 12.6 வோல்ட்டைவிட 33.6 வோல்ட்டில் ஏழு மடங்கு. குழி விழுந்த முனையில் ஒரு மில்லிஓம் கூடினால்கூட 100 ஆம்பியரில் அங்கே 10 வாட் சூடு.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். எக்ஸ்டி90-எஸ் என்ற ஆன்டி ஸ்பார்க் கனெக்டரைப் போட்டுவிடச் சொல்லுங்கள், பச்சை நிறம் தெரியும், அதுதான் அடையாளம். உள்ளே 5.6 ஓம் ரெசிஸ்டர். முனை முதலில் அதன் வழியாகத் தொடும், 33.6 வோல்ட்டுக்கு 6 ஆம்பியர்தான் போகும். அப்புறம் முழுதாக உள்ளே போனதும் ரெசிஸ்டர் விலகிக்கொள்ளும். சீரிஸில் இரண்டு பேட்டரி என்றால் கடைசியாகச் செருகும் இடத்தில் ஒன்று இருந்தால் போதும், சுற்று அங்கேதான் முடிகிறது. அதை வாங்க முடியாவிட்டால் 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை ஒரு துண்டு ஒயரில் சால்டர் செய்து, நெகட்டிவைச் சேர்த்த பிறகு பேட்டரி, ஈஎஸ்சி இரண்டின் பாசிட்டிவுக்கும் நடுவே ஒரு நொடி தொட வைத்துவிட்டு, உடனே செருகுங்கள். ஒயரின் மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் காப்புக் குழாய்) கட்டாயம்.

ஹெலி700:
சால்டர்மேசை சொன்னது சரி, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். என் ரிமோட் ஹெலிகாப்டர் 12எஸ், முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். களத்தில் உதவிக்கு நின்ற தம்பி ஆன்டி ஸ்பார்க் கனெக்டரை மெதுவாகத் தள்ள வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, பாதியில் நிறுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஈஎஸ்சி விழித்துக்கொண்டு, அதன் பிஇசியிலிருந்து (சிறு கருவிகளுக்கு மின்சாரம் தரும் பகுதி) சர்வோக்கள் (திருப்பும் சிறு மோட்டார்கள்) அசைய ஆரம்பித்தன. அவ்வளவு கரண்டும் அந்தச் சின்ன ரெசிஸ்டர் வழியாக! கருகிய வாடை வந்த பிறகுதான் கனெக்டரைப் பார்த்தேன். அடுத்த முறை செருகியபோது பழைய 'டப்' திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் ரெசிஸ்டர் செத்துவிட்டது. கெப்பாசிட்டர் நிறைவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். தொட்டதும் நிறுத்தாமல் முழுதாகத் தள்ளிவிடுங்கள். இந்த இடத்தில் மூன்றுசெல் சொன்ன 'ஒரே தள்ளு' சரிதான்.

மூன்றுசெல்:
ஏழு மடங்கு என்பது எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். 3எஸ்ஸுக்கு வேண்டாம் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

ஏரிப்படகு:
என் படகில் எக்ஸ்டி90-எஸ் இருந்தும் பொறி வந்ததே? இரண்டு 6எஸ் பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்). ஒன்று முழுச் சார்ஜ், மற்றொன்று சார்ஜ் போடாமல் கரையில் கிடந்தது. இரண்டையும் சேர்த்ததும் ஒயர் கையில் சுட்டது. அந்தச் சூடு இன்னும் கையில் இருப்பது போலவே இருக்கிறது.

சால்டர்மேசை:
அது கெப்பாசிட்டர் இல்லை. நிறைந்த பேட்டரி குறைந்த பேட்டரிக்குள் கொட்டியிருக்கிறது. ரெசிஸ்டர் முதல் கணத்துக்கு மட்டும்தான் தடுக்கும், முழுதாகச் செருகியதும் தடையே இல்லை. இரண்டையும் மீட்டரில் பாருங்கள். செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேரலலில் சேர்க்காதீர்கள். சுட்ட பேட்டரி உப்பியிருக்கிறதா, செல் ஒவ்வொன்றும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை சார்ஜ் போட வேண்டாம்.