பாப்லோ என்ற பெயருடையோர் தொகுப்பு: ஆலோசனை வேண்டி

அனைவருக்கும் வணக்கம். பாப்லோ என்னும் ஸ்பானியப் பெயர் கொண்ட புகழ்பெற்றவர்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு தொகுத்து வருகிறேன்; அதில் யாரை எங்கே வைப்பது என்பதில் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. 1881இல் மாலகாவில் பிறந்த ஓவியர் பிக்காசோவின் நீண்ட திருமுழுக்குப் பெயரே பாப்லோ என்றுதான் தொடங்குகிறது என்பதால் அவரிடம் சிக்கலில்லை. ஆனால், 1971இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் நெரூடாவின் இயற்பெயர் ரிக்கார்தோ நெஃப்தலி ரேயெஸ். இளமையில் புனைபெயராகச் சூடிக்கொண்டதையே பின்னாளில் சட்டப்படியும் தம் பெயராக்கிக்கொண்டார். பம்ப்லோனாவில் 1844இல் பிறந்த வயலின் மேதை சரசாத்தேவுக்கும் பெற்றோர் இட்ட பெயர் மார்த்தின் மெலித்தோன். செல்லோ கலைஞர் காசல்ஸோ, தம் தாய்மொழியான கட்டலானில் பாவ் என்றே அறியப்படுபவர். கடத்தல்காரர் எஸ்கோபாரைப் பற்றித் தேவைக்கு மேல் எழுதப்பட்டுவிட்டதால் அவருக்கு ஒரு வரியே போதும் என்பது என் எண்ணம்.

பெயரைத் தாமே தேர்ந்துகொண்டவர்களை மற்றவர்களோடு சேர்த்தே வரிசைப்படுத்தலாமா, தனிப்பகுதி வேண்டுமா? அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் ஐமர் தவிர, விளையாட்டுத் துறையில் விடுபடக் கூடாதவர்கள் யார் என்பதையும், முடிந்தால் பிறந்த ஆண்டுடன், தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.