‘சேவைக் கற்றல்’ வேண்டாம், ‘ஊர்ப்பணிக் கற்றல்’ என்போம்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

‘சர்வீஸ் லேர்னிங்’ (service learning) என்னும் கல்விமுறைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்துள்ள ‘சேவைக் கற்றல்’, ‘தொண்டுவழிக் கல்வி’, ‘பணிவழிக் கற்றல்’ என்னும் மூன்று சொற்களையும், பாம்பன் கரையில் எங்கள் மாணவர்கள் செய்த வேலையோடு பொருத்திப் பார்த்தேன். மூன்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்களில் மாணவர்கள் செய்வன நல்ல பணிகளே. ஆனால் அவை பெரும்பாலும் பாடத்தோடு பிணைந்தவையல்ல. நாம் பெயர் தேடும் முறையில், ஊரார் தமக்கு வேண்டியதைச் சொல்ல, மாணவர் தாம் படித்ததன் துணையோடு அதைச் செய்து, செய்ததை எண்ணிப் பார்த்து எழுதி, மதிப்பெண்ணும் பெறுகிறார். எந்தப் பணி என்பது அதைப் பெறுவோர் கையில் இருக்க வேண்டும் என்பதை இக்கல்விமுறையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ராபர்ட் சிக்மன் 1979இல் முதல் நெறியாகவே வைத்தார். சேவை, தொண்டு என்பனவோ கைம்மாறு கருதாதவை. மாணவர் ஊரிடமிருந்து அறிவைப் பெற்றுக்கொண்டு வரும் ஒன்றை அப்படி அழைத்தால், ஊர் கொடுத்தது மறைந்துவிடுகிறது.

இதை எனக்கு உணர்த்தியவர் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் ஒரு பெண்மணி. எங்கள் மாணவர்கள் முதல்முறை வினாத்தாளோடு சென்று, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர் சொன்ன பெயர்களையெல்லாம் குறித்துக்கொண்டு கிளம்பியபோது, “எழுதிக்கிட்டுப் போறீகளே, எழுதுனத எங்களுக்குப் படிச்சுக் காட்டுவீகளா?” என்று கேட்டார். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது எனத் தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்ட பெண்களுள் ஒருவர் அவர். அவர்களில் ஒருவரான, பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தின் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்ததும் அந்த உழைப்பின் வழியேதான். முதல்முறை சென்றதற்கு அடுத்த ஆண்டு, அப்பெண்கள் கேட்டபடி, ஈரப்பாசி காய்ந்தபின் எடை எவ்வளவு குறைகிறது என்று அவர்களே பதிந்துவைக்க ஒரு கணக்கேட்டை வணிகவியல் மாணவர்கள் அமைத்துக் கொடுத்தார்கள். வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் புரியாத இருப்புக் கணக்கு மாணவர்களுக்குக் கரையில்தான் புரிந்தது.

ஆகவே என் முன்மொழிவு ‘ஊர்ப்பணிக் கற்றல்’. ‘பணி’ மட்டும் நின்றால் அலுவலகப் பயிற்சி என்று படிப்பவர் மயங்குவர்; ‘ஊர்’ முன்வந்ததும் அது யாருடைய பணி என்பது தெளிவாகிறது. மேலும், எங்கள் பக்கத்தில் ஊர் வேலை என்றால் எல்லோரும் சேர்ந்து பொதுவில் செய்வதே. அங்கே ஏற்பவர், ஈபவர் என்ற பிரிவு இல்லை. நகரத்துக்குப் பொருந்தாதே என்ற ஐயம் எழலாம். மதுரைக்காரரும் ‘எங்க ஊரு’ என்றுதானே சொல்கிறார்!

இதன் ஆய்வுப் பகுதிக்குத் தனிச்சொல் வேண்டும். ‘கள ஆய்வு’ என்பதில் ஊர் வெறும் களமாகிவிடுகிறது. உடன்படிக்கை, உடன்பிறப்பு என்பவற்றின் வழியில் ‘உடனாய்வு’ எனலாம் என்று கருதுகிறேன். வினாக்களை ஊராரோடு சேர்ந்து வகுத்து, முடிவுகளை முதலில் அவர்கள் முன் படித்துக் காட்டுவதையும் அதன் வரையறைக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். ‘உடனாய்வாளர்’ என்று வரும்போது அது பாசி எடுக்கும் பெண்ணையும் குறிக்குமா, மாணவரை மட்டும் குறிக்குமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்; இருவரையும் குறிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.