எம்ஐடி விண்ணப்பம்: தமிழ் ஐயா எழுதிய கடிதத்தை யார் மொழிபெயர்ப்பது?

வணக்கம். என் அக்கா மகள் விருதுநகர் பக்கம் அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள். வசதி இல்லை என்று ஒதுக்க மாட்டார்கள், இடம் கிடைத்தால் தேவைக்கேற்ற முழு உதவியும் உண்டு என்று தெரிந்த பிறகுதான் துணிந்தோம். அங்கே சேரக் கேட்கும் எஸ்ஏடி தேர்வை நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

சிக்கல் பரிந்துரைக் கடிதத்தில்தான். ஒன்றைக் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் தர வேண்டும், இன்னொன்றை மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியர். அவளை ஆறாம் வகுப்பிலிருந்து அறிந்தவர் தமிழ் ஐயா. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பதைப் பற்றி இரண்டு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். அவர் வாசித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இந்த உயிர் இருக்காது. இதை யார் மொழிபெயர்ப்பது? சொந்தக்காரனான நான் செய்தால் ஏற்பார்களா?

அப்புறம், பள்ளி அறிக்கையைக் கவுன்சிலர், அதாவது பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டுபவர், அனுப்ப வேண்டுமாம். எங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லை. தலைமையாசிரியை அனுப்பினால் போதுமா?

ஜனவரி தொடக்கத்தில் கடைசி நாள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.